ஊல்கான் எஜே காய்ச்சிய அகர்

எங்கள் பக்கத்தில் பெண்ணாகவே பிறந்துகொண்டிருக்கும் வீட்டில், கடைசிப் பெண்ணுக்கு ஊல்கான் என்று பெயர் வைப்பார்கள். 'ஊல்' என்றால் மகன். அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அடுத்தது பையனாகப் பிறப்பான் என்று ஒரு நம்பிக்கை. கோச்கோர் என்ற சிற்றூரில் ஒரு லாரி டிரைவருக்கு ஐந்தாவதாகப் பிறந்த ஊல்கானுக்குப் பின்னால் வந்ததும் பெண்தான். "எங்கப்பா என்னைய ஒரு நாளும் கூப்பிட்டதில்ல கண்ணு, வராத என் தம்பியத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரு" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

தலைநகர் பிஷ்கேக்கில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஊல்கான் எஜே முப்பத்தோரு வருடம் ஊடகம் காய்ச்சினார். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர், அதனால் எனக்கு அவர் எஜே, அதாவது அக்கா. அவரை அந்த வேலையிலிருந்து வெளியே அனுப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எனக்கு வாய் வராது, அது எனக்குப் பழகிய வியாதி.

ஊடகம் என்பது கிருமிகளுக்கான சாப்பாடு. மாட்டிறைச்சிச் சாற்றில் கடல்பாசியிலிருந்து எடுத்த அகர்ப் பொடியைப் போட்டுக் காய்ச்சி, சூடு இருக்கும்போதே கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினால் ஆறியதும் இறுகிப்போகும். அதன்மேல் கிருமியை வைத்து வளர்ப்போம். அது காய்ச்சும் அறைக்கு எங்கள் கட்டடத்தில் சமையலறை என்றுதான் பெயர். கட்டடத்தின் பின்புறம், கீழ்த்தளத்தில் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அங்கே அதிகம் போகமாட்டார்கள். இறைச்சி வேகும் வாடை பிடித்துக்கொண்டால் இரண்டு நாள் தலைமுடியை விட்டுப் போகாது.

எஜே அங்கே ராணி. பானை கொதிக்கும்போது யாரும் பேசக்கூடாது. பேசினால் கரண்டியை நீட்டி வாசலைக் காட்டுவார். அகர் நூற்றுக்கு இரண்டு பங்கு, கிராம் பிசகாது. ஊற்றி ஆறிய தட்டை விளிம்பில் சுண்டுவிரலால் அழுத்திப் பார்ப்பார். கன்னத்தைத் தொட்டால் இருக்கும் இறுக்கம் இருக்கவேண்டும் என்பார். அது யார் கன்னம், வயதானவர் கன்னமா, குழந்தை கன்னமா என்று நான் கேட்டதற்கு, "உன் கன்னம் இல்ல, போ" என்றார். எனக்கு அப்போதே கன்னம் தளர்ந்திருந்தது.

"என் சமையலை இதுவரைக்கும் யாரும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. ஆனா ஒருத்தனும் மிச்சம் வெச்சதுமில்ல" என்பது அவருடைய பெரிய நகைச்சுவை. புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் சொல்வார். கிருமிகளைத்தான் சொல்கிறார் என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

நான் பதினோரு வருடம் மருத்துவமனையில் கிருமி பார்க்கும் டாக்டராக இருந்துவிட்டு இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தவள். முதுகெலும்பு முறிந்து படுத்திருப்பவர்கள் வார்டில் எனக்கு ஒரே ஒரு எதிரி இருந்தது, புரோட்டியஸ் என்ற கிருமி. குதிரையிலிருந்து விழுந்தவன், சுரங்கத்தில் கல் சரிந்து அடிபட்டவன், எல்லோருக்கும் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கும். இந்தக் கிருமி அந்தக் குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஊர்ந்து போய்விடும். பிறகு சிறுநீரகத்தில் கல், காய்ச்சல், சில சமயம் சாவு. மற்ற கிருமிகள் விழுந்த இடத்தில் புள்ளியாக வளரும். இது அப்படி இருக்காது. ஈரமான பரப்பு கிடைத்தால் உடலை நீட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் கசையிழை என்ற நீந்தும் வால்கள் முளைத்து, கூட்டமாகக் கிளம்பிவிடும். காலையில் தட்டைத் திறந்தால் கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல மெல்லிய படலம் முழுவதும் மூடியிருக்கும்.

அந்த ஊர்தலுக்குப் பின்னால் எந்தெந்த மரபணு இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நான் ஆய்வுக்கு வந்தேன். வேலை எளிமையாகத்தான் தெரியும். கிருமியின் மரபணுவுக்குள் வெளியிலிருந்து ஒரு துண்டைச் செருகி உடைத்துவிட வேண்டும். அப்படி ஆயிரக்கணக்கில் உடைத்து, எது ஊராமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நின்றால், உடைந்த மரபணுதான் ஊர்தலுக்கு வேண்டியது. எனக்கு அப்படி இரண்டு உருப்படியாகக் கிடைத்தன. பதினேழாம் எண்ணுக்குக் கசையிழையே இல்லை, கல் மாதிரி கிடக்கும். அதில் புதுமை ஒன்றுமில்லை. நாற்பத்தொன்றுதான் என் செல்லம். அதற்குக் கசையிழை உண்டு, நீந்தும், ஆனால் பரப்பில் வைத்தால் கிளம்பத் தெரியாமல் நின்றுவிடும். விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய சரிகை மாதிரி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். உடைந்த மரபணுவை அதுவரை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் அகங்காரத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

2008 அக்டோபரில், குளிர் தொடங்கும்போதே, மின்சாரம் போனது. தினமும் பல மணி நேரம், வாரக்கணக்கில். ஆழ் உறைபெட்டியில் வைத்திருந்த கிருமிகள் எல்லாம் உருகிக் கெட்டன. தட்டில் உயிரோடு இருந்தவை மட்டும் மிஞ்சின. அதனால் வாராவாரம் பழைய தட்டிலிருந்து கம்பிவளையத்தால் கொஞ்சம் எடுத்துப் புதுத் தட்டில் வைத்து, பிள்ளையை மடி மாற்றுவதுபோல, நாற்பத்தொன்றை உயிரோடு காப்பாற்றினேன். ஏழு மாதம் அப்படி ஓடியது.

தட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்கும்போது எஜே சில நாள் என் மேசைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் நான் எடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் சினாரா, எப்பவும் ஓரத்துலயே சுரண்டி எடுக்கற? நடுவுல இருக்கறதெல்லாம் உனக்குச் சொந்தக்காரங்க இல்லையா?"

"நடுவுல வேற கிருமி கலந்திருக்கும் எஜே. ஓரத்துலதான் சுத்தமா இருக்கும். ஆஸ்பத்திரியில எல்லாரும் இப்படித்தான் எடுப்போம்."

"அது சரி. ஆனா உனக்கு ஓடாத குதிரைதானே வேணும்? வாராவாரம் பந்தயம் வெச்சு, முன்னால வர்றதையே பிடிச்சு வளக்கறியே."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "நீங்க பானையப் பாருங்க எஜே, பொங்கிடப்போவுது" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே போனார். மேல்மாடியில் எல்லோரிடமும் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். ஊடகம் காய்ச்சுகிறவர் மரபியல் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டார் என்று கெனேஷ் பைகே விழுந்து விழுந்து சிரித்தார். அவர் எங்கள் இயக்குநர், பைகே என்றால் அண்ணன். நல்ல மனிதர்தான், வெளிநாட்டுக்காரர்கள் வராத நாட்களில்.

அடுத்த வருடம் மே மாதம் அவர்கள் வந்தார்கள். எங்கள் ஆய்வுக்கு மேலும் மூன்று வருடம் உதவி கொடுக்கலாமா என்று பார்க்க நான்கு பேர். முதல் நாள் மாலை நான் பதினேழையும் நாற்பத்தொன்றையும் உடைக்காத அசல் கிருமியையும் தனித்தனித் தட்டில் வைத்துச் சூடுபெட்டியில் மூடினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு, அவர்கள் முன்னால், கெனேஷ் பைகே தன் கையாலேயே திறந்தார். அசல் கிருமி தட்டை மூடியிருந்தது. பக்கத்தில் நாற்பத்தொன்றும் தட்டை மூடியிருந்தது. விளிம்பிலிருந்து விளிம்பு வரை, அலை அலையாக, அவ்வளவு அழகாக.

வந்தவர்களில் ஒரு பெண்மணி மரியாதையாகக் கேட்டார், இந்த இரண்டில் எது ஊராதது என்று.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர்கள் சாப்பிடப் போனதும் ஓடிப்போய்ச் சோதித்தேன். வேறு கிருமி கலந்ததோ என்று பார்த்தால் இல்லை. நான் செருகிய துண்டு செருகிய இடத்திலேயே இருந்தது. நாற்பத்தொன்று நாற்பத்தொன்றுதான். அப்படியென்றால் மிச்சம் இருப்பது அகர் மட்டும்தான் என்று என் மூளை முடிவுகட்டியது. அகர் தளர்ந்து தண்ணீர் கசிந்தால் நொண்டிக் கிருமியும் ஊரும், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு அந்த முடிவு கிடைத்ததும் நெஞ்சு லேசானது. அந்த லேசுக்கு எனக்கு உரிமை இல்லை.

ஏனென்றால் பதினேழாம் எண்ணின் தட்டும் அதே மேசையில் இருந்தது. எல்லாத் தட்டும் ஒரே பானை. பதினேழு கல் மாதிரி அப்படியே கிடந்தது, ஆனால் கசையிழை இல்லாதது எந்த அகரிலும் கல்தானே, அதனால் அது சாட்சி ஆகாது என்று சொல்லிக்கொண்டேன். சாட்சி அந்தத் தட்டின் அகர். சுண்டுவிரலால் விளிம்பை அழுத்தினேன். இறுக்கமாக இருந்தது. எஜே சொல்லும் அந்தக் கன்னத்து இறுக்கம்தான். அழுத்திப் பார்த்துவிட்டு, அந்த மூன்று தட்டையும் வாளியில் போட்டுக் கிருமி கொல்லும் கொதிகலனுக்கு அனுப்பினேன்.

எங்கள் அலுவலகங்களில் தவறு நடந்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். தவறு செய்தவர் தன் கையாலேயே எழுதவேண்டும், பழைய காலத்துப் பழக்கம், இன்னும் போகவில்லை. கெனேஷ் பைகே அன்று பிற்பகல் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அகரின் தரம் குறைந்திருந்ததாக, பொருத்தமான சொற்களில். எஜே ஒரே வரி எழுதியிருந்தார்: 'அகர் நூற்றுக்கு இரண்டு, எப்போதும் போல.' கீழே கையெழுத்து.

"எஜே, இது விளக்கம் இல்ல, விலாசம்" என்றார் கெனேஷ் பைகே. "உங்களுக்கும் வயசாச்சு. தராசு முள்ளு சரியாத் தெரிஞ்சிருக்காது. கை தவறிடுச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. நான் வந்தவங்ககிட்டக் காட்டிட்டு விஷயத்தை முடிச்சுடறேன்."

"கை தவறலையே. தவறாததை எப்படி எழுதறது?"

"அப்போ கிருமி எப்படி ஊர்ந்துச்சு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் சோறுதான் போடறேன். அது எங்க போகுது வருதுன்னு பாக்கறது இவ வேலை." என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு சினாரா. அகர் தளர்ந்திருந்துச்சா? தொட்டுப் பாத்தியா?"

அறையில் நாங்கள் மூன்று பேர்தான். ஜன்னலுக்கு வெளியே பாப்லர் மரத்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"தொட்டுப் பாத்தேன் எஜே. தளர்ந்துதான் இருந்துச்சு."

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். கரண்டியை நீட்டி ஒருவரை வாசலுக்கு அனுப்பும் பெண்மணி அவர். ஆனால் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீயே தொட்டுப் பாத்தியா" என்று ஒரு தரம் மெதுவாகக் கேட்டார். பிறகு பேனாவை வாங்கி, தன் வரிக்குக் கீழே, 'கை தவறியிருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தார்.

அவரைக் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலைக்கு மாற்றினார்கள். மூன்று நாள் கழுவினார். நான்காம் நாள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, கோச்கோரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஓய்வு பெறுகிறவர்களுக்கு நாங்கள் மேசை போட்டு, பாராட்டிப் பேசி, தோளில் சால்வை போர்த்தி அனுப்புவோம். அவருக்கு எதுவும் நடக்கவில்லை. எங்களுக்கு உதவி மட்டும் நீடித்தது. சமையலறைக்குத் தானாகக் கலக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. அந்த இயந்திரம் காய்ச்சிய, கடுகளவும் பிசகாத அகரிலும் நாற்பத்தொன்று தாராளமாக ஊர்ந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்று எழுதினால் அது இன்னொரு விளக்கக் கடிதம் ஆகிவிடும். உறைத்தது. வேறு வேலை இருந்தது, அதில் புகுந்துகொண்டேன்.

ஐந்து வருடம் கழித்து, முழு மரபணுவையும் எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லும் வசதி மலிந்தபோது, நாற்பத்தொன்றை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். பதில் ஒரு திங்கட்கிழமை வந்தது. நான் உடைத்த மரபணு உடைந்தபடியே இருந்தது. ஆனால் அதற்கு வெகு தூரத்தில், ஊர்தலை அடக்கி வைக்கும் வேறொரு மரபணுவில், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. எஞ்சின் பாதி செத்த வண்டி. பிரேக்கும் போய்விட்டதால் சரிவில் ஓடியிருக்கிறது. கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ ஒன்றில் இப்படித் தற்செயலாக மாறும். மாறியது மற்றவற்றைவிட அரை மயிரிழை முன்னால் போகும். முன்னால் போனதை வாராவாரம் ஓரத்தில் சுரண்டி எடுத்து, புதுத் தட்டில் வைத்து, மறுபடி பந்தயம் விட்டு, மறுபடி முன்னால் வந்ததை எடுத்து, ஏழு மாதத்தில் ஓட்டக்காரர்களை மட்டும் வளர்த்தவள் நான். நோயாளியின் கிருமியைப் பிரித்தெடுக்க மருத்துவமனையில் கற்ற வித்தை, மரபணு வேலைக்கு விஷம். கையில் டீக் கோப்பையோடு நின்ற ஒரு பெண்மணி அதை ஒரே பார்வையில் கண்டு, எனக்குப் புரியும் மொழியில் சொல்லியும் விட்டார்.

அதை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதியதிலேயே நல்ல கட்டுரை அதுதான், இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 'தொடர்ந்து விளிம்பிலிருந்து எடுத்து வளர்த்ததால்' என்று ஒரு வரி அதில் இருக்கிறது. ஊல்கான் என்ற பெயர் இல்லை. நன்றி சொல்லும் பத்தியில் கெனேஷ் பைகே இருக்கிறார்.

கோச்கோர் பிஷ்கேக்கிலிருந்து மூன்றரை மணி நேரம். போகவேண்டும் என்று மூன்று வருடம் நினைத்தேன். கடைசியில் போனதும் அதற்காகப் போகவில்லை. நாரினில் ஒரு கருத்தரங்கு, வழியில் கோச்கோர் வந்தது, டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். கடைக்காரரிடம் விசாரித்தேன். இரண்டு தெரு தள்ளி, நீல ஜன்னல் வீடு.

எஜே மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் ஒரு நொடி தயங்கிவிட்டு, இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். "இளைச்சுட்டியே! அங்க என்ன, கிருமிக்கு மட்டும்தான் சோறு போடறாங்களா?" மருமகள் விரிப்பைப் போட்டு ரொட்டியும் பாலேடும் ஜாமும் பரப்பினாள். அடுப்பில் ஆட்டிறைச்சி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மருமகள் கரண்டியில் எடுத்து ருசி பார்த்துவிட்டு, "அத்தை, உப்பு போதுமான்னு ஒரு வாய் பாருங்களேன்" என்றாள்.

"நீயே பாத்துக்கோ, நீயே பாத்துக்கோ" என்று எஜே அவசரமாகக் கையை ஆட்டினார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் அளக்கற வேலையெல்லாம் விட்டுட்டேன் கண்ணு. உப்பு, மாவு, எதுவும் தொடறதில்ல. அன்னிக்கு அகர் தளர்ந்துபோச்சே, அதுக்கப்புறம் இந்தக் கையை நம்பறதில்ல. சரியா போட்டேன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். நீ மட்டும் தொட்டுப் பாக்கலேன்னா கடைசி வரைக்கும் சாதிச்சுட்டிருப்பேன். உங்களுக்கெல்லாம் எவ்வளவு கெட்ட பேரு."

எட்டு வருடமாக ஒரு பெண்மணி தன் சொந்த அடுப்பில் உப்புப் போடாமல் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன்.

"எஜே, அகர் சரியாத்தான் இருந்துச்சு. தப்பு என் மேலதான். நீங்க சொன்னீங்களே, பந்தயம் வெச்சு முன்னால வர்றதையே வளக்கறேன்னு. அதேதான் நடந்திருக்கு. சோதிச்சுப் பாத்துட்டோம்."

 மருமகள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"நூத்துக்கு ரெண்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு எஜே."

"அப்போ அன்னிக்கு நீ தொட்டுப் பாத்தப்போ?"

இறுக்கமாக இருந்தது, பொய் சொன்னேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பதட்டத்துல சரியாத் தெரியல எஜே" என்று வந்தது.

"சரி, சரி. யாருக்குத்தான் பதட்டம் இருக்காது." அவர் கண் கலங்கி, முகம் மலர்ந்து, பத்து வயது குறைந்தவர்போல ஆகிவிட்டார். "இது எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

மூன்று வருடம் என்று நாக்கு நுனியில் இருந்தது.

"போன வாரம்தான்" என்றேன்.

எஜே என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டார். மருமகளைப் பார்த்து உரக்கச் சொன்னார், பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"கேட்டியாடி? போன வாரம்தான் தெரிஞ்சுதாம். அவ்வளவு தூரத்துல இருந்து உடனே ஓடி வந்திருக்கா பாரு, எனக்குச் சொல்லணும்னு. இந்தக் காலத்துல யாரு வருவா? பெரிய விருந்தாளிக்கு வைக்கற அந்தக் கொழுப்புத் துண்டை எடுத்து இவளுக்கு வை, உன் புருஷனுக்கு இல்ல, இவளுக்கு."

மருமகள் எடுத்து வைத்தாள். நான் சாப்பிட்டேன்.